மரப்பாவையும் மாந்தரும்: மாத்தளை வரலாற்றினூடாக ஒரு நோக்கு

மனிதனைப் போன்ற உருவமும், மனிதனைப் போன்ற அசைவும், அண்மைக் காலத்தில் மனிதனைப் போன்ற பேச்சும் வாய்க்கப்பெற்ற இயந்திரங்களோடு மனிதர் எத்தகைய உறவு பூணுதல் தகும் என்னும் வினா இன்று உலகின் பல பாகங்களிலும் எழுப்பப்படுகின்றது. அவற்றைத் தோழராகக் கொள்ளலாமா, ஏவலராகக் கொள்ளலாமா, அவற்றின்பால் அன்பு செலுத்துதல் அறியாமையா என்றெல்லாம் அறிஞர் வாதிடுகின்றனர். றோபோ எனப்படும் இயந்திர மனிதனோடு நேற்று மேற்றிசையிலிருந்து வந்திறங்கிய வினா இது என்று கருதுவோர் பலர். வரலாற்றை நோக்குமிடத்து இக்கருத்துப் பொருந்தாமை புலனாகும். உயிரற்ற உருவை உயிருடையதாகக் கொண்டு உறவாடுதலும், உயிருடைய மாந்தரை உயிரற்ற கருவியாகக் கொண்டு நடத்துதலும் நெடுங்காலமாகவே மனித சமுதாயத்தில் நிகழ்ந்து வந்துள்ளன. இவ்விரண்டுக்குமான சான்றுகளை ஒருங்கே தன்னகத்துக் கொண்டு விளங்குவது மாத்தளை மாவட்டமாகும்.

கண்டியிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலை மாத்தளை நகரைக் கடந்ததும் அளுவிகாரையை அடைகின்றது. அப்பால் நாலந்தாவையும் தம்புள்ளையையும் தொட்டுச் செல்கின்றது. தம்புள்ளைக்குக் கிழக்கே சற்றுத் தொலைவில் சிகிரியாக் குன்றம் நிமிர்ந்து நிற்கின்றது. இதே வழியாகத்தான், பத்தொன்பதாம் நூற்றாண்டில், தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர் கோப்பித் தோட்டங்களை நோக்கிக் கால்நடையாக வந்தனர். ஏட்டில் எழுதப்பட்ட பாவையையும், சுவரில் தீட்டப்பட்ட பாவையையும், கல்லிற் செதுக்கப்பட்ட பாவையையும், பாவையாக்கப்பட்ட மனிதரையும் இவ்வொரு சாலையிலேயே நாம் சந்திக்கின்றோம். இவற்றை வரன்முறையாக நோக்கி, இன்றைய வினாவுக்கு அவை தரும் ஒளி யாதெனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழில் 'பாவை' என்னும் சொல்லுக்குப் பதுமை என்றும், பெண் என்றும், கண்ணின் கருமணி என்றும் பொருள் உண்டு. எதிரில் நிற்பவரின் சிற்றுரு நம் கண்மணியில் தோன்றுதலால் அதற்கு அப்பெயர் வாய்த்தது போலும். செய்யப்பட்ட உருவையும், உயிருள்ள மனிதப் பிறவியையும், காணும் கருவியையும் ஒரு சொல்லாற் குறித்த மொழி நம்முடையது என்பது தொடக்கத்திலேயே மனங்கொளத்தக்கது.

அளுவிகாரை: பாவை பற்றிய சிந்தனை

கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் ஆட்சியில், அதுவரை வாய்மொழியாகப் பேணப்பட்டுவந்த பாளித் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டமையை மகாவம்சம் கூறுகின்றது. அவ்வரும்பணி நிகழ்ந்த இடம் அளுவிகாரையே என்பது மரபு. அவ்வாறு எழுத்துருப் பெற்ற நூற்றொகுதியில், சம்யுத்த நிகாயத்தில், சேலா என்னும் பிக்குணியைப் பற்றிய ஒரு சிறு பகுதி உண்டு. தனித்திருந்த அவளிடம் மாரன் வந்து, இந்தப் பதுமையைச் செய்தவர் யார், செய்தவர் எங்கே உளர் என்று வினவுகின்றான். பதுமை என்று அவன் சுட்டுவது அவளுடைய உடலையே. தானே தன்னைச் செய்ததுமன்று, பிறர் செய்ததுமன்று. வித்தும் நிலமும் நீரும் கூடியவழிப் பயிர் முளைப்பதுபோலக் காரணங்கள் கூடியவழித் தோன்றுவது, காரணங்கள் நீங்கியவழி மறைவது என்னும் பொருள்பட அவள் விடையிறுக்கின்றாள்.

இக்கருத்தைக் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுர மகாவிகாரையில் இருந்து நூல்கள் செய்த புத்தகோசர் மேலும் விரித்தார். அளுவிகாரையில் இன்றும் அவர் பெயரால் ஒரு குகை வழங்குகின்றது. அவரது விசுத்திமக்கத்தில் மரப்பாவை உவமை இடம்பெறுகின்றது. மரத்தாலான பாவை நூலாலும் மரத்துண்டுகளாலும் இயங்கி நடக்கின்றது, நிற்கின்றது. தனக்கென ஒரு விருப்பம் உடையது போலவும் தோன்றுகின்றது. உள்ளே யாரும் இல்லை. மனமும் உடலும் கூடிய மனிதனின் இயக்கமும் அத்தகையதே என்பது அவர் காட்டும் முடிபு. இயந்திரம் மனிதனைப் போல ஆகிவிடுமோ என்று இக்காலத்தவர் அஞ்சுகின்றனர். மனிதனே ஒருவகையில் இயந்திரம் போன்றவன்தான் என்று 1,500 ஆண்டுகளுக்கு முன்னரே கூறிய மரபொன்று இவ்விடத்து இருந்தது. அதனைக் கூறியதன் நோக்கம் மனிதனை இழிவுபடுத்துவதன்று. 'நான்' என்னும் செருக்கை அகற்றுவதேயாகும்.

புத்தகோசரின் பெயரால் வழங்கும் தீகநிகாய உரையில் வேறொரு வகைப் பாவையும் வருகின்றது. அசாதசத்துரு மன்னன் புத்தரின் தாதுக்களை நிலவறையில் வைத்து மூடியபோது, தேவதச்சனான விசுவகர்மன் அங்கே ஒரு பொறியை அமைத்தான் என்றும், வாளேந்திய மர உருவங்கள் காற்றினும் கடுகிச் சுழன்று அந்நிலவறையைக் காத்தன என்றும், பின்னாளில் அசோகன் வந்தபோது அப்பொறியின் பிணைப்பு அம்பெய்து அறுக்கப்பட்டது என்றும் அவ்வுரை கூறும். பிற்காலத்தில் பர்மாவில் தொகுக்கப்பட்ட உலோகபஞ்ஞத்தி என்னும் பாளி நூல் இத்தகைய பொறிகளைச் செய்யும் கலை உரோமர் நாட்டுக்கு உரியதென்றும், அக்கலையின் மறைபொருளை வெளியே கொண்டுசெல்வோரைப் பொறிகளே துரத்திக் கொல்லும் என்றும் கதை சொல்கின்றது. இக்கதைகளில் வரும் இயந்திரக் காவலர் நல்லவருமல்லர், தீயவருமல்லர். இட்ட பணியைச் செய்வர். வந்தவன் கள்வனா, தாதுவை வணங்க வந்த அரசனா என்று வேறுபாடு அறியார். ஆணையிட்டவன் இறந்தொழிந்த பின்னும் ஆணை மட்டும் சுழன்றுகொண்டேயிருக்கும். இன்றைய தானியங்கிப் படைக்கலங்கள் பற்றிய விவாதத்தின் கரு இக்கதையிலேயே அடங்கியுள்ளது எனலாம்.

தமிழ் மரபிற் பாவை

பாளி உரைமரபுக்கும் தமிழ் நிலத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தது. புத்தகோசரின் காலத்தவராகக் கருதப்படும் புத்ததத்தர் சோழநாட்டு உறையூரைச் சேர்ந்தவர். எனவே தமிழிலும் பாவை பற்றிய சிந்தனை எவ்வாறு வளர்ந்தது என்பதை ஈண்டு நோக்குதல் பொருந்தும்.

சங்கப் பாடல்கள் கொல்லிமலைத் தெய்வப் பாவையைப் போற்றுகின்றன. மணிமேகலையில், சக்கரவாளக் கோட்டத்துச் சம்பாபதி கோயிலின் தூணிலுள்ள கந்திற்பாவை பேசுகின்றது. உதயகுமரன் வெட்டுண்டு கிடக்க, மணிமேகலை துயருற்று நிற்கும் வேளையில், அப்பாவை அவளுக்குப் பழம்பிறப்பையும் வருவதையும் எடுத்துரைக்கின்றது. சினந்து நின்ற காஞ்சனனுக்கும் அவன் மனைவிக்கு நேர்ந்ததைக் கூறுகின்றது. பேசும் பாவை இங்கே மனிதரின் அறிவை மறைக்கவில்லை. தம் செயலின் விளைவை அவர்களே காணச் செய்கின்றது. கொங்குவேளிரின் பெருங்கதையிலோ பொறி வஞ்சகத்தின் கருவியாகின்றது. யானையின்மேற் பெருவிருப்புடைய உதயணனை அகப்படுத்த வேண்டிப் பிரச்சோதனன் வீரரை உள்ளடக்கிய பொறியானை ஒன்றைச் செய்வித்துக் காட்டில் நிறுத்துகின்றான். உதயணனைப் பிணித்தது மரமன்று; உயிருள்ள யானையின்பால் அவன் கொண்ட காதலே அவனுக்குப் பொறியாயிற்று. நாம் நேசிக்கும் ஒன்றின் வடிவில் பொறி வரும்போது அதனுள் மறைந்திருப்பவர் யார் எனக் காணவேண்டும் என்னும் எச்சரிக்கை இக்கதையில் உண்டு.

இவ்வகையில் மிகவும் ஆழமான சிந்தனையைத் திருக்குறளிற் காண்கின்றோம். வள்ளுவர் பாவையை மூன்று குறள்களில் மனிதத்தன்மையற்ற நிலைக்கு உவமையாக்குகின்றார். நுண்ணிய நூலறிவு இல்லாதவனின் அழகு மண்ணாற் செய்த பாவையின் அழகு போன்றது என்பது ஒன்று. உள்ளத்தில் நாணம் இல்லாதவரின் நடமாட்டம், மரப்பாவை கயிற்றால் இயங்கி உயிருள்ளது போல மயக்குவதை ஒக்கும் என்பது மற்றொன்று. நாண் என்னும் சொல் கயிற்றையும் நாணத்தையும் குறிப்பதால், அகத்தில் நாண் உடையவன் மனிதன், புறத்தில் நாண் உடையது பாவை என்ற நயம் இங்கே அமைகின்றது. இரப்பவர் இல்லையாயின் இவ்வுலகத்து மாந்தரின் போக்குவரவு மரப்பாவை சென்று வந்தது போலாகிவிடும் என்பது மூன்றாவது.

இம்மூன்றையும் இணைத்து நோக்கின் ஓருண்மை விளங்கும். உருவத்தையோ, அசைவையோ, மொழியையோ மனிதனுக்குரிய இலக்கணமாக வள்ளுவர் கொள்ளவில்லை. கற்றுத் தெளியும் அறிவு, தவறு செய்யக் கூசும் நாணம், பிறர் துயரத்துக்கு இரங்கும் ஈகை ஆகியவற்றையே இலக்கணமாகக் கொண்டார். மூன்றாவது குறள் சிறப்பாக நோக்கத்தக்கது. நம் முன் கையேந்தி நிற்கும் ஒருவரே நம்மைப் பாவையாகாமற் காக்கின்றார் என்பது அதன் பொருள். எனவே மனிதத்தன்மை தனியொருவருக்குள் அடைபட்ட பொருளன்று; இருவருக்கிடையே பிறப்பது.

சிகிரியா: பேசாத பாவையோடு பேசியோர்

இருவருக்கிடையே பிறக்கும் இவ்வுறவை ஓவியப் பாவையோடு பூண முயன்றோரின் வரலாறு சிகிரியாக் குன்றில் எழுதப்பட்டுள்ளது. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தந்தை தாதுசேனனைக் கொல்வித்து ஆட்சியைக் கைப்பற்றிய காசியப்பன் இக்குன்றின்மீது தன் அரண்மனையை அமைத்தான். குன்றின் மேற்குப் பக்கத்துப் பாறைக் குடைவில் தீட்டப்பட்ட பெண்ணுருவங்கள் உலகப் புகழ் வாய்ந்தவை. அவர்கள் பிதுரங்கலை விகாரைக்குச் செல்லும் அரசமகளிர் என்றார் எச். சி. பி. பெல், தேவமகளிர் என்றார் ஆனந்த குமாரசுவாமி, மின்னலையும் முகிலையும் பெண்ணுருவாக்கியவை என்றார் பேராசிரியர் சேனரத் பரணவிதான. அறிஞரின் இக்கருத்து வேற்றுமை ஒருபுறமிருக்க, பழங்காலத்தில் குன்றைக் காணவந்த பொதுமக்கள் அவ்வுருவங்களை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதற்கு நேரடிச் சான்று உண்டு.

ஓவியங்களுக்குக் கீழே, மெருகேற்றிய சுண்ணச்சாந்து பூசிய 'கண்ணாடிச் சுவர்' செல்கின்றது. அதன்மீது வந்தோர் தம் பாடல்களைக் கீறிவைத்தனர். அவற்றுட் பெரும்பாலானவை எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரையிலானவை. பழஞ் சிங்களத்தில் அமைந்தவை. பரணவிதான அவற்றுள் 685 பாடல்களைப் படித்து 1956இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார். பாடியோருள் பிக்குகளும் அதிகாரிகளும் போர்வீரரும் பெண்டிரும் உளர். பலர் தம் பெயரையும் ஊரையும் பொறித்துள்ளனர்.

இப்பாடல்களில் மீண்டும் மீண்டும் எழும் முறைப்பாடு ஒன்றே: அப்பெண்கள் பேசுகின்றாரில்லை. இத்துணைத் தொலைவு வந்தும் ஒரு சொல் அருளாத அவர்களின் நெஞ்சு கல்லோ என நொந்தவர் உளர். அரசனை இழந்தமையால் துயருற்று மலையிலே தங்கிவிட்டார் போலும் என இரங்கியவர் உளர். ஓவியத்துக்கு மனமிழக்கும் ஆடவரை எள்ளியவரும் உளர். அவை ஓவியங்களே என்பதை அறியாதார் எவருமிலர், அறிந்தும் பேசினர். மனிதவுருவைக் கண்டவிடத்து அதனோடு உரையாடத் துடிப்பது மனித இயல்பு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஆயினும் பலரும் கவனியாத ஒன்று இங்குண்டு. பாடியவர் ஓவியத்தை விளித்தே பாடினார். எழுதியதோ அடுத்து வருவோர் படிக்கும்பொருட்டு. பெயரையும் ஊரையும் பொறித்தமை ஓவியப் பெண்ணுக்கு அறிவிப்பதற்கன்று. ஒருவர் பாடலைப் படித்தவர் அருகே தம் பாடலை எழுதினார். பாவை மௌனமாக இருந்தமையால், அதன் முன்னே மனிதர் ஒருவரோடொருவர் பேசினர். எங்கோ ஓர் ஊரிலிருந்து வந்த போர்வீரனும், அவனுக்கு ஒரு நூற்றாண்டு பிந்தி வந்த பெண்ணும் ஒரே சுவரிற் சந்தித்தனர். மனிதன், பாவை, மற்றொரு மனிதன் என உறவு மூன்று முனை கொண்டதாயிற்று. சிங்கள மொழியின் பழைய கவிதை வரலாற்றுக்கு இச்சுவர் பெருஞ்செல்வமாக அமைந்தது அதனாலேயே. 1967இல் இனந்தெரியாதோர் ஓவியங்கள்மீது பச்சை வண்ணத்தைப் பூசிச் சிதைத்தபோது நாட்டு மக்கள் துடித்ததும் அதே உறவின் வேறொரு வெளிப்பாடு எனலாம்.

தம்புள்ளை: கண் திறக்கும் கணம்

சிகிரியாவில் ஓவியத்தோடு பேசியோர் அதனை உயிராக்க முயலவில்லை. உருவம் உயிர்ப்புப் பெறும் கணத்தைச் சடங்காகவே அமைத்த மரபைத் தம்புள்ளைக் குகைக் கோயில் நினைவூட்டுகின்றது. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட புத்தர் சிலைகள் அங்குள்ளன. சிலையின் உடல் முழுதும் செய்து முடிந்த பின்னரும் கண் எழுதப்படும்வரை அது வெறும் கல்லே, வெறும் மரமே. 1660 முதல் 1679 வரை கண்டியரசிற் சிறையிருந்த ரொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட தம் நூலில், கண் அமைக்கப்படும்வரை சிலை பட்டறையிற் சாதாரண உலோகக் கட்டியாகவே கிடக்கும் என வியந்து குறித்தார். கண் எழுதும் சிற்பாசாரியார் சிலையை நேரே நோக்காது, கண்ணாடியில் அதன் நிழலைப் பார்த்துக் கண் எழுதுவார் என்பதை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட தம் நூலில் விவரித்தார். சைவாலயங்களிலும் குடமுழுக்கின்போது விக்கிரகத்தின் கண் திறக்கும் சடங்கு உண்டு.

இச்சடங்கு உணர்த்துவது யாது? செய்த பொருளுக்கும் வணங்கத்தக்க உருவுக்கும் இடையே ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை விளையாட்டாகக் கடத்தல் ஆகாது. கடக்கும்போது செய்தவனுக்கே அச்சம் தோன்றவேண்டும். செய்பவனின் இந்த அச்சம் வள்ளுவர் கூறிய நாணத்துக்கு மிக அண்மையானது.

1848: பாவையாக மறுத்த மாந்தர்

இதே தம்புள்ளை விகாரையில் 1848 யூலை 26ஆந் திகதி கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். இரு நாள்களின் பின்னர் கிளர்ச்சியாளர் மாத்தளைக் கச்சேரியைத் தாக்கினர். ஆள்பதி டொரிங்டன் பிரபுவின் ஆட்சி விதித்த வரிகளும், தெருக் கட்டளைச் சட்டமும் இக்கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களாயின. அச்சட்டத்தின்படி ஆடவர் ஆண்டுக்கு 6 நாள் தெருவேலை செய்யவேண்டும். அன்றேல் 3 சிலின் பணம் செலுத்தவேண்டும். இராசகாரிய ஊழியம் நீக்கப்பட்டு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளே கடந்திருந்த நிலையில், கட்டாய உழைப்பு வேறு பெயரில் மீண்டதாகவே மக்கள் கருதினர். கிளர்ச்சி கொடுமையாக அடக்கப்பட்டது. புரன் அப்பு சுட்டுக்கொல்லப்பட்டார். பிக்கு ஒருவர் காவியுடையுடனேயே சுடப்பட்டார். அளுவிகாரையின் பழஞ்சுவடிகளும் அக்காலத்திலேயே அழிவுற்றன.

இந்நிகழ்ச்சி இயந்திர மனிதனோடு எவ்வாறு தொடர்புறும் என வினவலாம். 'றோபோ' என்னும் சொல்லின் வரலாறே அதற்கு விடையாகும். செக் நாட்டு எழுத்தாளர் கரேல் சாப்பெக் 1920இல் எழுதி 1921இல் பிராக் நகரில் மேடையேறிய 'ஆர்.யூ.ஆர்.' என்னும் நாடகத்தின் வழியே அச்சொல் உலகுக்கு அறிமுகமாயிற்று. செக் மொழியில் 'றொபோத்தா' என்பது குடியானவன் நிலக்கிழானுக்குக் கட்டாயமாகச் செய்யவேண்டிய ஊழியத்தைக் குறிக்கும். பொகீமியா உள்ளிட்ட ஒஸ்திரியப் பேரரசில் அவ்வூழியம் 1848 செப்தெம்பரில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பொகீமியக் குடியானவன் றொபோத்தாவிலிருந்து விடுபட்ட அதே ஆண்டில், மாத்தளைக் குடியானவன் தெருவூழியத்தை எதிர்த்து எழுந்தான். இயந்திர மனிதனுக்கு உலகம் வழங்கிய பெயர், ஒரு காலத்தில் மனிதர்மீது சுமத்தப்பட்டுப் பின் அவர்களால் வெறுத்து எறியப்பட்ட நுகத்தின் பெயரேயாம்.

சிங்களக் குடியானவர் தோட்டக் கூலியாக இசையாதவிடத்து, மலைநாட்டுத் தோட்டங்களுக்குத் தமிழகத்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். மன்னாரிலிருந்து தம்புள்ளையூடாக மாத்தளைக்கு வந்த காட்டுவழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். தோட்டத்தில் அவர்கள் வாழ்ந்த முறையை நோக்குக. கடன் தீர்ந்தமைக்குத் 'துண்டு' பெறாமல் வேறு தோட்டத்துக்குச் செல்லல் இயலாது. சாப்பெக்கின் நாடகம் மேடையேறிய அதே 1921ஆம் ஆண்டிலேயே அத்துண்டு முறை சட்டத்தால் நீக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் ஆளைக் குறிக்கும் இலக்கமும் பொறித்த தகரச் சீட்டு ஒவ்வொரு தொழிலாளிக்கும் வழங்கப்பட்டது. விடியலிற் பிரட்டுக்களத்தில் நின்று, நிறுத்த கொழுந்தின் அளவுக்கேற்ப மாலையில் 'பேர்' பெறுவது தோட்ட வழக்கு. பேர் என்பது அங்கே ஒரு நாட் கூலி. நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. ஒரு மனிதரின் பெயர் அவர் நாளுழைப்பின் அளவையாகி, அதுவும் பாதியாகக் குறைக்கப்படுவதைக் காட்டும் இச்சொல்லைவிட, மனிதர் பொறியாக்கப்பட்ட வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுதல் அரிது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒற்றோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் எனப் பகுத்தது. கணக்கிலுள்ளோரை எவரும் கேட்கவில்லை. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் முடிவை அடைந்தது. இதனை அடுத்து ஒரு செய்தியை வைத்து நோக்குவோம். 2017 ஒற்றோபரில் சவூதி அரேபியா, சோபியா என்னும் பெண்ணுருவ றோபோவுக்குக் குடியுரிமை வழங்குவதாக அறிவித்தது. ஐந்து தலைமுறை உழைத்த மனிதருக்கு ஐம்பத்தைந்து ஆண்டு காத்திருந்து கிடைத்த உரிமை, ஒரு பொறிக்கு ஒரு மேடை நிகழ்ச்சியிற் கிடைத்தது.

பேசும் பாவையின் காலம்

யப்பானியப் பொறியியலறிஞர் மசாகிரோ மோரி 1970இல் எழுதிய கட்டுரையொன்றில், பொறியுரு மனிதனை ஒக்க ஒக்க நமக்கு அதன்பால் நெருக்கம் வளரும் என்றும், ஏறத்தாழ முற்றும் ஒத்துவிடும் நிலையில் திடீரென அருவருப்புத் தோன்றும் என்றும் கூறினார். அப்பள்ளத்தில் வீழாதிருக்க மனிதனை முற்றும் ஒத்திராத அழகை நாடுமாறு அறிவுறுத்திய அவர், புத்தர் சிலை செதுக்கும் தச்சர் ஒருவர் மரத்தாற் செய்த கையை எடுத்துக்காட்டாகத் தந்தார். 2019இல் கியோத்தோ நகரின் கோதைஜி ஆலயத்தில் போதிசத்துவரின் உருவில் உபதேசம் செய்யும் றோபோ நிறுவப்பட்டது. பழுதான இயந்திர நாய்களுக்கு யப்பானிய ஆலயத்தில் ஈமச் சடங்கு செய்ததும் உண்டு. தமிழருக்கும் இது அந்நியமன்று. ஆயுதபூசை நாளில் நாம் இயந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டுக் கைகூப்புகின்றோம். 2023இல் கேரளத்துத் திரிச்சூர் மாவட்டக் கோயிலொன்றில், உயிர் யானையை வருத்தாதிருக்கும்பொருட்டுப் பொறியானை ஒன்று சேவைக்கு விடப்பட்டது. பெருங்கதையில் வஞ்சனைக்கு உதவிய பொறியானை இங்கே இரக்கத்துக்கு உதவிற்று. எனவே பொறியின்பால் நன்றியும் பரிவும் கொள்ளுதல் இழுக்கன்று.

இடர் வேறோரிடத்தில் உளது. சிகிரியாப் பாவை ஆயிரம் ஆண்டுகள் பேசாதிருந்தது. இன்றைய பாவை பேசுகின்றது. 1966இல் யோசேப்பு வைசன்பாம் எலைசா என்னும் எளிய உரையாடற் கணினி நிரலை உருவாக்கினார். நாம் கூறியதையே வினாவாக்கித் திருப்பிக் கேட்பதன்றி அது வேறொன்றும் அறியாது. அதனை அறிந்திருந்த அவருடைய செயலாளரே, அதனோடு தனித்து உரையாட விரும்பி, அவரை அறையைவிட்டு வெளியேறுமாறு வேண்டினார். 'அறையைவிட்டு வெளியேறுமாறு' என்னும் அச்சொற்களில் வேறுபாடு முழுவதும் அடங்கியுள்ளது. கண்ணாடிச் சுவரின் முன்னே நின்றவர் அடுத்து வரும் மனிதருக்காக எழுதினார். பேசும் பொறியின் முன்னே இருப்பவருக்கு மற்றொரு மனிதர் இடையூறாகத் தோன்றுகின்றார். பாவை விடை கூறத் தொடங்கியதும் உறவின் மூன்றாம் முனை மறைந்துபோகின்றது.

மறைவது அது மட்டுமன்று. கயிற்றைப் பிடித்திருக்கும் கையும் மறைகின்றது. இன்றைய பேசும் பொறிகளுக்கு மொழி பயிற்றும் வேலையில், கென்யாவிலும் இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும் பெருந்தொகையானோர் குறைந்த கூலிக்கு ஈடுபடுத்தப்படுகின்றனர். பொறியின் இனிய சொல்லைக் கேட்பவர் அவர்களைக் காண்பதில்லை. இலண்டன் மாநகரில் தேநீர் அருந்தியவர் மாத்தளைத் தோட்டத்தின் அரைப்பேரைக் காணாதது போலவே.

முடிவுரை

மாத்தளையின் வரலாறு இவ்வினாவுக்குத் தரும் விடையை இவ்வாறு தொகுத்துக் கூறலாம். உருவத்தோடு உறவாடுதல் மனித இயல்பு. சிகிரியா அதற்குச் சான்று. செய்பவனுக்கு அச்சமும் நாணமும் வேண்டும். தம்புள்ளை அதற்குச் சான்று. மனிதன் தன்னைப்பற்றிச் செருக்குறுதற்கு இடமில்லை. அளுவிகாரையின் ஏடுகள் அதற்குச் சான்று. இம்மூன்றையும் ஏற்றுக்கொண்ட பின்னரும் 1848இன் கிளர்ச்சியும் தோட்டத்து மக்களின் வாழ்வும் ஒரு கேள்வியை நம்முன் நிறுத்துகின்றன. பொறிக்கு மனித மதிப்பு அளிக்கலாமா என்று ஆராயும் நாம், மனிதருக்கு அம்மதிப்பை அளித்து முடித்துவிட்டோமா?

பல்கலைக்கழகத்தில் மொழியையும் வரலாற்றையும் பயிலும் நமக்கு இவ்விவாதத்தில் இடமில்லை என்றெண்ணுதல் தவறு. பொறியைச் செய்யும் அறிவு பொறியியலாளருக்கு உரியது. பொறியின் பின்னால் நிற்கும் கை யாருடையது, பொறிக்கு முன்னால் நிற்பவர் அயலாரை மறந்தாரா, அதன்பொருட்டு யாருடைய பேர் அரைப்பேராயிற்று என்று கேட்கும் பொறுப்பு நமக்கு உரியது. கண்ணின் கருமணியைப் பாவை என்றனர் நம் முன்னோர். அங்கே தோன்றுவது எதிரில் நிற்கும் மனிதரின் உருவம். எதிரில் எவரும் நில்லாதவிடத்து அப்பாவையும் இல்லை.